இன்கிரிமென்டலா டிபரன்ஷியலா? ஸ்டூடியோ படங்களுக்கு எந்த பக்கப் நல்லம்

உவர்மலைப்பொடியன்:
அண்ணைமார், மாமாவின்ர ஸ்டூடியோ கொம்பியூட்டரில கல்யாணவீடு, சாமத்தியவீட்டுப் படங்கள் 400 ஜீபி கிடக்கு, நாளுக்கு ஒரு 10 ஜீபி கூடுது. ஞாயிறில எல்லாப் படத்தையும் முழுசாக் கொப்பி பண்ணி, அதான் புல் பக்கப், வெளி ஹார்ட் டிஸ்கில போடுறம். மற்ற நாளுக்கு இன்கிரிமென்டலா டிபரன்ஷியலா நல்லம்?

சாம்பல்தீவான்:
இன்கிரிமென்டல்தான் தம்பி. கடைசி பக்கப்புக்குப் பிறகு மாறினதை மட்டும் எடுக்கும், திங்கள் தொடக்கம் சனி வரை 60 ஜீபியோட முடிஞ்சுது. டிபரன்ஷியல் ஒவ்வொரு நாளும் ஞாயிறில இருந்து மாறினது முழுக்கத் திரும்ப எடுக்கும், 10, 20, 30 எண்டு ஏறி சனியில 60, கூட்டிப் பார்த்தா 210 ஜீபி. கடை பூட்டுற நேரத்தில பொடியள் எவ்வளவு நேரம் காவல் நிக்கிறது?

நிலாவெளியான்:
எடுக்கிற நேரத்தை மட்டும் பார்க்கிறியள், திருப்பி எடுக்கிறதைப் பாருங்கோ. சனி ராத்திரி டிஸ்க் செத்துதெண்டா இன்கிரிமென்டலில புல்லும் வேணும், ஆறு நாளும் எடுத்த ஆறு துண்டும் வரிசையா வேணும், புதன்கிழமைத் துண்டு பழுதெண்டா பிறகு வந்த மூண்டு நாளையும் நம்பேலாது. டிபரன்ஷியலுக்கு புல்லும் கடைசித் துண்டும் காணும். பொம்பிளை வீட்டார் ஆல்பம் கேட்டு வாசலில நிக்கேக்க ஆறு துண்டைப் பொருத்திக்கொண்டா இருக்கிறது?

சாம்பல்தீவான்:
புல் பழுதெண்டா உங்கட டிபரன்ஷியலும் சரிவராது. அதுக்குத்தான் எடுத்த உடனேயே வெரிபை போடச் சொல்லுறது, கொப்பி மூலத்தோட ஒத்திருக்கோ எண்டு அது பார்க்கும். வரிசையை சொப்ட்வெயரே பார்த்துக்கொள்ளும்.

நிலாவெளியான்:
அண்டைக்குச் சரியா இருந்த பைல் பிறகு டிஸ்கில பழுதாகலாம்தானே. துண்டு கூடக்கூட ஆபத்தும் கூடும். இடம்தான் பிரச்சினையெண்டா 2 டெரா டிஸ்க் வாங்குங்கோ, ரெண்டு கிழமை பக்கப்பும் அடங்கும்.

உப்புவெளி அக்கா:
டிஸ்கை எங்க வைக்கிறது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லயே. 2004 டிசம்பர் 26 கடல் உள்ள வரேக்க எங்கட பக்கம் எத்தின வீட்டு ஆல்பமும் நெகட்டிவும் அலுமாரியோடயே போச்சு. மூண்டு கொப்பி, ரெண்டு விதமான சேமிப்புச் சாதனத்தில, ஒண்டு வேற இடத்தில எண்டு சொல்லுறது அதுக்குத்தான். மேசையில ஒண்டு லாச்சியில ஒண்டு எண்டு வைச்சா அது ஒரே இடம். எடுத்து முடிய வயரையும் கழட்டுங்கோ, ரான்சம்வெயர், அதான் பைல்களைப் பூட்டிப்போட்டுக் காசு கேக்கிற வைரஸ், வந்தா கொழுவிக்கிடக்கிற டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிப்போடும்.

உவர்மலைப்பொடியன்:
ஸ்டூடியோ கடற்கரைப் பக்கம்தான் அக்கா. அப்ப டிபரன்ஷியல் போடுறன், ரெண்டாவது டிஸ்கில ஞாயிறு புல்லை எடுத்து எங்கட வீட்ட, மேட்டில வைக்கிறன். சரியா எடுபட்டிருக்கோ எண்டு எப்பிடிப் பார்க்கிறது?

சாம்பல்தீவான்:
வேற கொம்பியூட்டர் ஒண்டில ஒரு கல்யாணத்தை முழுசாத் திருப்பி எடு தம்பி, பைல் பேரை மட்டும் பார்த்திட்டு விடாத, படங்களைத் திறந்து பார். அதில எனக்கும் நிலாவெளி அண்ணைக்கும் சண்டையில்ல.