சிவப்புப் புடவை தெரியுதா?

வாட்ஸ்அப் குழு: கிருஷ்ணகிரி, பழையபேட்டை வீடு

வியாழன் இரவு

பிரபு 8:14
காஷ்மீர் டிக்கெட் கேன்சல் பண்ணிட்டேன். மறுபடியும் லீவு இல்லன்னு சொல்லிட்டாங்க. நிலா, கதிர், மாமா மேல கோவப்படாதீங்க கண்ணு.

சுதா 8:15
பெட்டி கூட எடுத்து வெச்சாச்சு. பரவால்ல, தீபாவளிக்குப் பாக்கலாம்.

ராணி அத்தை 8:21
போன வருஷமும் தீபாவளின்னுதான் சொன்னீங்க. பாவம் பசங்க.

கவிதா 8:30
கதிர் சாப்பிடாம படுத்துட்டான். நிலா மொட்டைமாடிக்குப் போயி ஒக்காந்திருக்கா.

கவிதா 8:52
நானும் மேல போயி அவ பக்கத்துல ஒக்காந்தேன். நிலா வெளிச்சத்துல கோட்டை மலை அப்படியே கறுப்பா நிக்குது. "அம்மா, நீ அந்த மலை மேல ஏறியிருக்கியா?"ன்னு கேட்டா.
எனக்கு 41 வயசு. பொறந்ததுல இருந்து இந்தத் தெரு. தினமும் துணி காயப்போடும்போது பாக்கற மலை. ஏறினதில்ல. வாய் திறந்து பதில் சொல்லவே கஷ்டமா இருந்துச்சு.

தினேஷ் 8:55
அக்கா நானும் போனதில்ல. பைக்குல ஹம்பி போயிருக்கேன், கோகர்ணா போயிருக்கேன். நம்ம கோட்டை மலை, இந்த சையத் பாஷா மலைக்குப் போகல.

கவிதா 8:56
ஞாயித்துக்கிழமை ஏறலாமா?

சுதா 8:58
அண்ணி, அது இங்கயேதானே இருக்கு. தினம் பாக்கற மலைக்குப் போறத டூர்னு சொன்னா பசங்க ஒத்துக்குவாங்களா?

கவிதா 9:07
இங்கயேதான் இருக்கு சுதா. அதனாலதான் யாரும் போகல. எப்ப வேணா போலாம்னு நெனச்சு நெனச்சே வருஷம் ஓடிடுச்சு. காஷ்மீருக்குப் போனா கார்ல எறங்கி போட்டோ எடுத்துட்டு வருவோம். இங்க வழி எங்க ஆரம்பிக்குதுன்னு கூட எனக்குத் தெரியாது. பழையபேட்டையில யாரயாவது கேட்டுத்தான் போகணும். சொந்த ஊர்ல வழி கேட்டுப் போறத நெனச்சாலே எனக்கு வயித்துல என்னமோ பண்ணுது. நிஜமா சொல்றேன், சின்ன வயசுல எக்ஸ்கர்ஷன் போற முந்தின நாள் மாதிரி இருக்கு.

பெரியப்பா 9:31
கவிதா, நல்ல யோசனை அம்மா. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சரித்திரப் பாடம் எடுத்தவன் சொல்றேன், அந்த மலையைத் தெரியாம வேற எங்க போனாலும் பாதிதான்.
1791 நவம்பர்ல கிழக்கிந்தியக் கம்பெனியோட கர்னல் மாக்ஸ்வெல் படையோட வந்தார். திப்பு சுல்தானோட ஆளுங்க மேல் கோட்டையில. கீழ இருந்த பேட்டையைக் கம்பெனிப் படை பிடிச்சிட்டாங்க. ஓடுறவங்க பின்னாடியே மேல் கோட்டைக்குள்ள நுழைஞ்சிடலாம்னு துரத்தினாங்க. அதுக்குள்ள வாசலைச் சாத்திட்டாங்க. மேல இருந்து பாறாங்கல்லா விழுந்துச்சு. நிக்க முடியாம திரும்பிட்டாங்க.

பெரியப்பா 9:33
சண்டையில கிடைக்காத கோட்டை அடுத்த வருஷம் 1792ல ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில பாராமகால்னு சொல்ற நம்ம சீமையோட சேர்ந்து காகிதத்துல கம்பெனிக்குக் கைமாறிடுச்சு. ஏறும்போது அந்தச் சரிவைப் பாருங்க. ஏன் முடியலன்னு உங்க முட்டியே சொல்லும்.

பிரபு 9:40
நான் வர்றேன். சனிக்கிழமை ராத்திரியே ஓசூர்ல இருந்து கெளம்பிடறேன்.

சனி மாலை

பெரியப்பா 5:10
சொல்ல மறந்தது. விடியறதுக்கு முன்னாடி அடிவாரத்துல நிக்கணும். 9 மணிக்கு மேல பாறை சுடும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணி. சென்ட் அடிச்சுக்காதீங்க, பாறையில தேன் கூடு இருந்தா பொகை, நெருப்பு எதுவும் கூடாது. குரங்கு முன்னாடி பையைத் திறக்காதீங்க. தர்கா பக்கம் செருப்பைக் கழட்டிட்டு மரியாதையா நடந்துக்கங்க.

சுதா 5:22
நான் வரல. ஆயாவுக்குத் துணையா வீட்ல இருக்கேன். நீர்மோரும் கேவுரு கூழும் பாட்டில்ல ஊத்தி வெக்கிறேன். சின்ன வெங்காயம் தனியா கட்டித் தர்றேன்.

ராணி அத்தை 5:30
செந்தூரா மாம்பழம் நாலு வெச்சு அனுப்பு. மலை மேல சாப்பிட்டா தனி ருசி.

கவிதா 6:04
ஆயா ஒண்ணு சொல்றாங்க. காலையில மொட்டைமாடியில அவங்க சிவப்புச் சுங்குடிப் புடவையைக் கட்டி வெப்பாங்களாம். மேல போனதும் நம்ம வீட்டைக் கண்டுபிடிக்கணுமாம். கதிர் இப்பவே செருப்பைத் தொடச்சிட்டு இருக்கான்.

ஞாயிறு

கவிதா 5:38
கெளம்பிட்டோம். நான், பிரபு, தினேஷ், பசங்க. பால்காரர்கிட்ட வழி கேட்டோம். "இத்தினி நாளா ஏறலயா நீங்க?"ன்னு அவரு ஆச்சரியப்பட்டாரு.

தினேஷ் 6:05
[படம்]
படி ஆரம்பம். காத்து ஜில்லுனு இருக்கு.

பிரபு 6:27
செருப்பு வார் அறுந்துடுச்சு. வெறுங்காலோட ஏறறேன். பாறை இன்னும் குளிர்ச்சியா இருக்கு, நல்லாத்தான் இருக்கு.

சுதா 6:28
முள்ளு பாத்துப் போங்க.

கவிதா 6:41
(நிலா பேசறேன்) அம்மா மூச்சு வாங்குறாங்க. நாங்க மதில் சுவர் கிட்ட ஒக்காந்திருக்கோம். ஒவ்வொரு கல்லும் என்னோட உயரம் இருக்கு. தாத்தா, இத எப்படி மேல தூக்கினாங்க?

பெரியப்பா 6:44
தூக்கியிருக்க வேண்டியதில்ல கண்ணு. அந்த மலையே கருங்கல். அங்கயே உளியால வரிசையா குழி வெட்டி, பாறையைப் பொளந்து எடுப்பாங்க. பக்கத்துப் பாறை ஓரத்துல பல்லு பல்லா தடம் இருக்கான்னு தேடிப் பாரு.

கவிதா 6:58
(நிலா) இருக்கு!!! தாத்தா இருக்கு! கதிர்தான் முதல்ல பாத்தான். பல் வரிசை மாதிரி குழி குழியா. ஒரு கல்லு பாதி வெட்டி அப்படியே விட்டுட்டுப் போயிருக்காங்க. ஏன் விட்டுட்டாங்க?

பெரியப்பா 7:01
அது எனக்குத் தெரியாது. அதைத்தான் நீ கேட்டுக்கிட்டே இருக்கணும்.

தினேஷ் 7:20
மேல ஒரு சுனை. கோடை மழைத் தண்ணி நிக்குது. கதிர் தலைப்பிரட்டையைப் பாத்துட்டு எழுந்திரிக்க மாட்டேங்கறான். இவ்ளோ உசரத்துக்குத் தவளை எப்படி வந்துச்சுன்னு கேக்கறான். யாராவது பதில் சொல்லுங்க.

ராணி அத்தை 7:22
அதுவும் படி ஏறித்தான் வந்திருக்கும்னு சொல்லு.

கவிதா 7:46
வந்துட்டோம். உச்சியில இருக்கோம்.

கவிதா 7:49
எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பருந்து ஒண்ணு எங்க காலுக்குக் கீழ வட்டம் போடுது. பருந்தோட முதுகை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். இத்தன வருஷமா வயித்தைத்தான் பாத்திருக்கேன்.

பிரபு 7:53
கதிர், நிலா ரெண்டு பேருக்கும் ரோட்டைக் காட்டினேன். அதோ கோடு மாதிரி போகுதே, 44ஆம் நம்பர் நெடுஞ்சாலை. ஸ்ரீநகர்ல ஆரம்பிச்சு கன்னியாகுமரி வரைக்கும். காஷ்மீர் ரோடு நம்ம ஊருக்குள்ளதான் வருதுன்னு சொன்னதும் கதிர் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "அப்போ அந்த லாரி அங்க இருந்து வந்திருக்குமா மாமா?"ன்னு கேட்டான்.

சுதா 7:55
புடவை தெரியுதா? ஆயா ஏழு மணிக்கே கட்டிட்டு நாற்காலி போட்டு ஒக்காந்திருக்காங்க. வெயில்ல வராதீங்கன்னா கேக்கல.

கவிதா 7:57
தேடறோம். எல்லா வீட்லயும் தண்ணித் தொட்டி. ஒண்ணு மாதிரியே இருக்கு. மசூதியை வெச்சு அங்கிருந்து ரெண்டு தெரு எண்ணிப் பாத்தோம், கிடைக்கல.

தினேஷ் 7:59
சிவப்பா ரெண்டு மூணு தெரியுது. எது நம்மளுதுன்னு தெரியல.

சுதா 8:04
ஒரு நிமிஷம். ஆயா உள்ள போயி எவர்சில்வர் தாம்பாளம் எடுத்துட்டு வந்திருக்காங்க. வெயில்ல சாய்ச்சு சாய்ச்சு பிடிக்கிறாங்க. மலைப் பக்கம் பாருங்க, சாரி, நீங்க வீட்டுப் பக்கம் பாருங்க.

கவிதா 8:06
மின்னுது

கவிதா 8:06
மின்னுது சுதா!! தெரியுது! பளிச் பளிச்சுன்னு! நிலா குதிக்கிறா. அம்மா, அம்மா, தெரியுது!

பிரபு 8:08
எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மறைக்கல.

சுதா 8:11
இங்க ஆயா தாம்பாளத்தை மடியில வெச்சுட்டு அழறாங்க. நான் இப்ப வந்திருக்கலாமேன்னு இருக்கு அண்ணி. அடுத்த வாரம் நான் கண்டிப்பா வர்றேன்.

ஞாயிறு மாலை

ராணி அத்தை 5:15
எல்லாரும் பத்திரமா எறங்கியாச்சா? படத்தை எல்லாம் போடுங்க.

கவிதா 5:31
10 மணிக்கே வந்துட்டோம் அத்தை. எல்லாரும் தூங்கி இப்பதான் எழுந்தோம். எறங்கறதுதான் கஷ்டம். ஒரு சரிவுல நிலா ஒக்காந்துட்டா, காலு நடுங்குது, வரமாட்டேன்னு அழுதா. தினேஷ் கீழ நின்னு ஒவ்வொரு அடியா எங்க வெக்கணும்னு சொன்னான். கால் மணி நேரம் ஆச்சு அந்தப் பத்தடிக்கு. வீட்டுக்கு வந்து எல்லார்கிட்டயும் அந்த எடத்தைத்தான் மறுபடி மறுபடி சொல்றா.

கவிதா 5:34
சொல்ல வேண்டிய இன்னொண்ணு. துணி எடுக்க மாடிக்குப் போனேன். மலையைப் பாத்தேன். சுனை எங்க இருக்கு, பாதி வெட்டின கல்லு எங்க இருக்கு, நிலா அழுத எடம் எதுன்னு விரலால காட்ட முடியுது.

பெரியப்பா 5:50
இனி ஞாயிறுதோறும் ஒரு இடம் வையுங்க. நம்ம மாவட்டத்துல தோண்டற இடமெல்லாம் சரித்திரம். பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில கெடச்ச இரும்புக்கு கி.மு. 2172னு காலம் வந்திருக்கு. மல்லசந்திரத்துல மேடு முழுக்க கல் திட்டை, அந்தக் காலத்துல செத்தவங்களுக்குப் பலகைக் கல்லால கட்டினது. வேடியப்பன் கோயில்ல நாம பொங்கல் வெக்கிறோமே, அந்தச் சாமி கல்லை ஒரு நாள் எண்ணெய் பூசறதுக்கு முன்னாடி கிட்டப் போய்ப் பாருங்க. கையில வில்லு இருக்கும். சண்டையில செத்த ஒரு வீரனுக்கு நட்ட கல்லு அது.

ஆயா 6:12
[குரல் பதிவு 1:46]

ராணி அத்தை 6:14
பஸ்ல இருக்கேன், ஒண்ணும் கேக்கல. யாராவது எழுதுங்க.

சுதா 6:25
நான் எழுதறேன். ஆயா சொன்னது:
"கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதுசுல அந்த மலைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு உங்க தாத்தாகிட்ட கேட்டேன். அடுத்த வாரம் போலாம்னாரு. கொல்லை வேலை, அறுப்பு, புள்ளைங்கன்னு அந்த அடுத்த வாரம் வரவே இல்ல. இப்ப எனக்கு முட்டி மடங்காது. அது போகட்டும், நீங்க ஏறினது நான் ஏறின மாதிரி. ஆனா எனக்கும் ஒண்ணு வேணும். எங்கப்பா சின்னப் பையனா இருக்கும்போது திருப்பத்தூர்ல இருந்து நம்ம ஊருக்குக் குட்டி ரயிலு வந்துச்சாம். அதுல ஏறி மாமன் வீட்டுக்குப் போயிருக்காரு. சொல்லிட்டே இருப்பாரு. அந்த ரயிலு எந்தப் பக்கம் போச்சுன்னு எனக்குக் காட்டுங்க. ரயிலு மலை ஏறாது. சமமாத்தான் போயிருக்கும். அத நான் நடப்பேன்."

பெரியப்பா 6:33
உண்மைதான். 1905ல போட்ட குறுகிய பாதை. பின்னாடி நிறுத்திட்டாங்க. இன்னிக்கு நம்ம ஊருக்கு ரயிலே இல்லங்கறதால ஒரு காலத்துல இருந்துச்சுன்னு சொன்னா பிள்ளைகள் நம்பறதில்ல.

கவிதா 6:35
(நிலா) நான் நம்பறேன். ஆயா, தண்டவாளம் இருக்காதுன்னாலும் மேடு, பாலம் எதாவது மிச்சம் இருக்கும்ல? வயசானவங்ககிட்ட கேட்டுக்கிட்டே போலாம். நான் நோட்டுல எழுதறேன்.

பிரபு 6:36
சனிக்கிழமை ராத்திரி வந்துடறேன். புது செருப்போட.

ஆயா 6:40
[குரல் பதிவு 0:09]

சுதா 6:41
"விடியறதுக்குள்ள கெளம்பணும், கூழு நான் கரைக்கிறேன், யாரும் லேட் பண்ணாதீங்க"ங்கறாங்க.

தினேஷ் 6:42
ஆயாவுக்கு உக்கார ஒரு மடக்கு நாற்காலி என்கிட்ட இருக்கு. எடுத்துட்டு வர்றேன்.