வேறு கணினியில் திறந்தால் விரிதாள் ஏன் மாறிவிடுகிறது?

கேள்வி:
வணக்கம். எங்கள் குழுவினர் அனைவரும் பயன்படுத்தும் இருப்புக் கணக்கு விரிதாளை எக்செல் 2021-இல், பெரிய திரை கொண்ட கணினியில் உருவாக்கினேன். எக்செல் 2016 உள்ள மடிக்கணினியில் அதைத் திறக்கும்போது எக்ஸ்லுக்அப் (ஒரு மதிப்பைத் தேடி அதற்குரிய விவரத்தை எடுத்துத் தருவது) சூத்திரம் உள்ள கலங்களில் தொகைகள் சரியாகவே தெரிகின்றன. ஆனால், கலத்தைத் திருத்தி என்டர் தட்டியவுடன் ‘நேம்’ பிழை வந்துவிடுகிறது. தேதிகள் இருக்க வேண்டிய இடத்தில் ##### என்று தெரிகிறது. மேலே ஃப்ரீஸ் செய்த, அதாவது உருட்டினாலும் நகராதபடி நிறுத்திய, வரிசைகளே திரையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்வதால், கீழே உள்ள பதிவுகளைப் பார்ப்பதும் கடினமாக இருக்கிறது. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் சேமித்தால் இவை தீருமா?

பதில் 1:
தீராது, அப்படிச் சேமிக்கவும் வேண்டாம். எக்ஸ்எல்எஸ் வடிவில் 65,536 வரிசைகளும் 256 நெடுவரிசைகளும் மட்டுமே உண்டு என்பதால், அதற்கு மேற்பட்டவை சேமிக்கும்போதே இழக்கப்படும். எக்செல் 2016 இப்போதைய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவக் கோப்பை நன்றாகவே திறக்கும். நீங்கள் சொன்னவற்றில் அதற்குத் தெரியாதது எக்ஸ்லுக்அப் மட்டும்தான்.

முதலில் தொகை சரியாகத் தெரிவதற்குக் காரணம், கடைசியாகக் கணக்கிட்ட விடையும் சூத்திரத்தோடு சேர்த்தே கோப்பில் சேமிக்கப்படுவதுதான். பழைய பதிப்பு அந்த விடையை அப்படியே காட்டுகிறது. மறுபடி கணக்கிட வேண்டி வரும்போதுதான் திணறுகிறது. என்னைப் பொறுத்தவரை, உடனே பிழை காட்டுவதைவிட இது ஆபத்தானது, ஏனெனில் புதுப்பிக்கப்படாத பழைய தொகையை நம்பி ஒருவர் முடிவெடுத்துவிடக்கூடும். சூத்திரப் பட்டையில் செயற்பாட்டின் பெயருக்கு முன்னால் ‘எக்ஸ்எல்எஃப்என்’ என்ற எழுத்துகள் இருந்தால், அந்தப் பதிப்புக்கு அது தெரியாது என்று பொருள்.

எக்ஸ்லுக்அப் உள்ள இடங்களில் இண்டெக்ஸ் (குறித்த இடத்திலுள்ள மதிப்பைத் தருவது), மேட்ச் (தேடுவது எத்தனையாவது இடத்தில் உள்ளது என்று சொல்வது) ஆகிய இரு செயற்பாடுகளையும் இணைத்து எழுதுங்கள். மேட்ச்சின் மூன்றாவது மதிப்பாக 0 கொடுக்க மறக்காதீர்கள். அதை விட்டுவிட்டால் தோராயப் பொருத்தத்தைத் தேடி, பிழை எதுவும் காட்டாமலே தவறான விடையைத் தரக்கூடும். ஃபில்டர், யுனீக் ஆகிய செயற்பாடுகளும் 2016-இல் இல்லை.

பதில் 2:
தேதிச் சிக்கலுக்கும் சூத்திரத்துக்கும் தொடர்பில்லை. நெடுவரிசையின் அகலம், கோப்பின் இயல்பு எழுத்துருவில் ஓர் இலக்கம் பிடிக்கும் இடத்தை அலகாகக் கொண்டு சேமிக்கப்படுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேறொன்று அதன் இடத்தில் வரும். திரை அளவீடு (திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு) 125 அல்லது 150 விழுக்காடாக இருந்தால் பிக்சல் கணக்கும் சற்று மாறும். தேதியை ஒட்டினாற்போல் அகலம் வைத்திருந்தால் அந்தச் சிறு வேறுபாடே போதும், ##### வந்துவிடும். இரண்டு எழுத்தளவு கூடுதலாக விடுங்கள்.

மடிக்கணினியின் திரை அளவீட்டையும் பாருங்கள். 1920×1080 திரையில் 150 விழுக்காடு வைத்தால், உண்மையில் கிடைக்கும் இடம் 1280×720-க்குச் சமம். அது பழைய 1366×768 திரையைவிடவும் குறைவு. ஆகவே ஒரே ஒரு தலைப்பு வரிசையை மட்டும் ஃப்ரீஸ் செய்து, மொத்தத் தொகைகளையும் குறிப்புகளையும் தனித் தாளுக்கு மாற்றிவிடுங்கள். ஜூம் அளவும் கோப்போடு சேர்ந்தே செல்வதால், 100-இல் வைத்துச் சேமிப்பது நல்லது.

கேட்டவர்:
மிக்க நன்றி. இண்டெக்ஸ், மேட்ச் வைத்து எழுதியதும் 2016-இல் திருத்தினாலும் பிழை வரவில்லை. எங்களில் இருவர் எக்செலுக்குப் பதிலாக லிப்ரெஆபிஸ் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கென்று தனியாக ஏதேனும் செய்ய வேண்டுமா?

பதில் 1:
லிப்ரெஆபிஸில் எக்ஸ்லுக்அப் 24.8 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. நீங்கள் மாற்றி எழுதிய சூத்திரம் அதற்கு முந்தைய பதிப்புகளிலும் இயங்கும். கோப்பில் கலிப்ரி எழுத்துரு இருந்தால், எழுத்தகலம் அதனோடு ஒத்துப்போகும் கார்லிட்டோ எழுத்துருவை அவர்கள் நிறுவிக்கொள்ளட்டும். மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) இருந்தால் அதை மட்டும் அங்கே தனியே இயக்கிப் பார்த்துவிடுங்கள்.