கடற்புல் ஆராய்ச்சிக்கு உபகாரச் சம்பளமோ ஃபெலோஷிப்போ எங்கே தேடுவது?

செமக்காவ் அலை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 25 வயது. உயிரியலில் ஹானர்ஸ் முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலையில் ஆராய்ச்சி உதவியாளராக இருக்கிறேன். வரும் மார்ச்சோடு ஒப்பந்தம் முடிகிறது. திட்டத்துக்கான பணம் தீர்ந்துவிட்டது, புதுப்பிக்க வழியில்லை என்று இப்போதே சொல்லிவிட்டார்கள்.

உயர்நிலை மூன்றில் பள்ளியிலிருந்து இங்கே சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் இருக்கும் செக் ஜாவா கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். கணுக்கால் அளவு தண்ணீரில் நாடா நாடாவாகப் புரண்டுகொண்டிருந்த எனலஸ் கடற்புல்லை அன்றுதான் முதலில் பார்த்தேன். அதைப் பற்றித்தான் முனைவர் பட்டம் செய்ய வேண்டும் என்று அப்போதே மனத்தில் விழுந்துவிட்டது. ஆனால் இணையத்தில் தேடினால் ஒன்று வெளிநாட்டவருக்கு மட்டும் என்கிறது, இன்னொன்று பொறியியலுக்கு என்கிறது, மூன்றாவதில் இத்தனை வருடம் வேலை செய்யக் கட்டுப்பட வேண்டும் என்கிறது. மூன்று மாதமாக ஒரு அட்டவணை போட்டு நிரப்பிக்கொண்டே இருக்கிறேன், ஒன்றுக்கும் விண்ணப்பிக்கவில்லை.

அப்பா பேருந்து ஓட்டுகிறார், அடுத்த வருடம் ஓய்வு. தம்பி தேசிய சேவையில் இருக்கிறான். வீட்டுப் பணத்தில் படிக்க முடியாது, கேட்கவும் மாட்டேன். இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால், எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.


தீவுப்படகு எழுதியது:

தங்கச்சி, உரிமையோடு நீ என்றே எழுதுகிறேன். கடல் ஆய்வுக்கூடங்களில் 19 வருடம் வேலை பார்த்தவள் நான். தண்ணீர்த் தொட்டி கழுவுவதில் தொடங்கி, இப்போது ஆய்வுக்கூடத்தை நிர்வகிக்கிறேன். எத்தனையோ மாணவர்கள் வந்து போவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் இதை நேராகவே சொல்கிறேன். அந்த அட்டவணையை மூடி வை. நீ தப்பான பக்கத்திலிருந்து தேடுகிறாய்.

கடலுக்கான பணம் இங்கே பெரும்பாலும் மாணவரின் பெயரில் வருவதில்லை, திட்டத்தின் பெயரில் வருகிறது. தேசிய ஆய்வு அறநிறுவனம் கடல் அறிவியலுக்கென்று ஐந்தாண்டுக்கு 25 மில்லியன் வெள்ளி கொடுத்த ஒரு திட்டம் இருந்தது. அதன் பிறகு தேசியப் பூங்காக் கழகம் நடத்தும் கடல்சார் பருவநிலை அறிவியல் திட்டம் வந்தது, அதுவும் 25 மில்லியன். கடல்மட்ட உயர்வுக்கு 2019-இல் 10 மில்லியன் வெள்ளியில் தனித் திட்டம் அறிவித்தார்கள். 2023-இல் பொதுப் பயனீட்டுக் கழகம் கரையோரப் பாதுகாப்புக்கும் வெள்ளத் தடுப்புக்கும் 125 மில்லியன் வெள்ளி ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கான ஆய்வுக் கழகம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. இந்தப் பணத்துக்கெல்லாம் பேராசிரியர்கள் விண்ணப்பிப்பார்கள். கிடைத்ததும் அதற்குள் ஆள் எடுப்பார்கள். முனைவர் பட்ட மாணவர், உதவியாளர், படகு, இரசாயனம் எல்லாம் அந்த ஒரே பானையிலிருந்துதான். உன் ஒப்பந்தம் முடிவதும் இதனால்தானே?

அதனால் நீ முதலில் தேட வேண்டியது உபகாரச் சம்பளத்தை அல்ல, பேராசிரியரை. அவர் கையில் எந்தத் திட்டம் ஓடுகிறது, அது எப்போது முடிகிறது என்று பார். சென்ற மாதம் தொடங்கிய திட்டமும் ஆறு மாதத்தில் முடியப்போகும் திட்டமும் உனக்கு ஒன்றல்ல. அவர் உன்னை ஏற்றுக்கொண்டால் படிப்புக் கட்டணத்துக்கும் மாதச் செலவுக்கும் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் இருக்கிறது. மதிப்பெண் நன்றாக இருந்தால் அதற்கு மேல் பிரசிடென்ட்ஸ் கிராஜுவேட் ஃபெலோஷிப் இருக்கிறது. தொகை குடியுரிமையைப் பொறுத்து மாறும், நீ குடிமகள் என்றால் அது உனக்குச் சாதகம்தான். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையும் விட்டுவிடாதே. அங்கே சுற்றுச்சூழல் பள்ளியும் புவி ஆய்வகமும் பவளப்பாறைகளிலும் கடல்மட்டத்திலும் நிறைய வேலை செய்கின்றன.

அடுத்தது, உன் கேள்வி என்ன? நீ எழுதியதில் ஆசை தெரிகிறது, கேள்வி தெரியவில்லை. நானும் இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். 2011-இல் ஒரு சிறு மானியத்துக்கு என் பெயரில் முதல் விண்ணப்பம் எழுதினேன். கடல் எனக்கு என்னவெல்லாம் என்று மூன்று பக்கம். ஒரே ஒரு வரிக் குறிப்போடு திரும்பி வந்தது: எதை அளக்கப் போகிறீர்கள்? அன்றைக்கு அழுதேன். மறு வருடம் ஒரே இடம், ஒரே இனம், எத்தனை சட்டம் (புல்லை அளக்கத் தரையில் வைக்கும் சதுரச் சட்டகம்), எத்தனை மாதம் என்று எழுதினேன், கிடைத்தது. கடற்புல் பிடிக்கும் என்பதற்கு யாரும் பணம் தர முடியாதும்மா. செக் ஜாவாவில் எனலஸ் இலையின் நீளம் இந்த ஐந்து வருடத்தில் குறைந்திருக்கிறதா, குறைந்திருந்தால் வண்டல் படிவதாலா வெப்பத்தாலா என்று கேட்டால் தருவார்கள்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும், புதியவர்கள் எல்லாரும் தவறுவது இங்கேதான். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று காட்டும் நீர்மட்ட அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பட்ஜெட் போட வேண்டும். கடற்புல் வெளி நடக்கிற மாதிரி வற்றுவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்கள் மட்டுமே. வருட நடுவில் அந்த வற்றம் விடியலுக்கு முன்னால் வரும், வருடக் கடைசியில் மாலையிலும் இரவிலும் வரும். ஒரு தடவை போனால் இரண்டு, மூன்று மணி நேரம் கிடைக்கும். அதில் மழை ஒன்றைத் தின்றுவிடும், இடி மின்னல் வந்தால் எல்லாரும் கரையேற வேண்டும். சைரீன் திட்டுக்கு நடந்தோ பேருந்திலோ போக முடியாது. துறைமுகத்துக்கும் ஜூரோங் தீவுக்கும் நடுவில் கிடக்கிறது, ஒவ்வொரு தடவையும் படகு வாடகை. செமக்காவ் தீவுக்குப் போக வேண்டுமென்றால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அனுமதியும் வேண்டும். ஒரு வருடத்துக்கு 24 நாள் கள வேலை என்று எழுதியவர்கள் 11 நாளோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன். பணம் இருந்தது, நாள்தான் இல்லை. எந்தெந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எங்கே இறங்குவேன் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கும் மாணவரை மதிப்பீட்டாளர்கள் உடனே நம்புவார்கள். இவள் சேற்றில் நின்றவள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

மாதிரி எடுக்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் ஆய்வு அனுமதிக்கு முன்கூட்டியே எழுது. ஒப்பந்தம் முடிவதற்குள் செயின்ட் ஜான்ஸ் தீவின் தேசியக் கடல் ஆய்வுக்கூடத்தையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடு. 2016-இலிருந்து அது தேசிய ஆய்வுக் கட்டமைப்பு, ஒரு பல்கலைக்கழகத்துக்கு மட்டுமானதல்ல. ஓடும் கடல்நீர்த் தொட்டிகள் இருக்கின்றன, உன் சோதனைகளை அங்கே வைக்கலாம்.


தொண்டிக்காரன் எழுதியது:

அக்கா சொன்னதில் ஒன்றைக் கூட்டிச் சொல்கிறேன். நான் பாக் நீரிணைக் கரையிலிருந்து வந்தவன். எங்கள் ஊர்ப் பக்கம் கடற்புல் என்றாலே ஆவுளியா, அதாவது கடற்பசு நினைவுதான் வரும். 2022-இல் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுரக் கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததே, அது எங்களுக்கு வடக்கே. இங்கே செக் ஜாவா கடற்புல்லில் ஆவுளியா மேய்ந்த தடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

நான் சிங்கா என்ற உபகாரச் சம்பளத்தில் வந்தேன். அது வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும் என்பதால் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இதைப் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான்கு வருடப் படிப்புக் கட்டணம், மாத உதவித்தொகை இரண்டும் உண்டு, படித்து முடித்தபின் இங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் மூன்று பேருக்கு என் மதிப்பெண், பரிசு, கருத்தரங்கு எல்லாம் அடுக்கி நீளமாக அனுப்பினேன். பதிலே இல்லை. நான்காமவருக்கு அனுப்பும் முன் அவருடைய கட்டுரை ஒன்றை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். அதில் ஒரு வரைபடத்தில் ஒரு மாதம் மட்டும் விலகி நின்றது ஏன் என்று கேட்டு ஆறு வரி எழுதினேன். அன்று மாலையே பதில் வந்தது. அவருக்கும் அந்த மாதம் உறுத்திக்கொண்டிருந்ததாம்.


செமக்காவ் அலை எழுதியது:

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அட்டவணையை மூடிவிட்டேன். இரண்டு சந்தேகம். பேராசிரியர் கிடைக்கும்வரை மார்ச்சுக்குப் பிறகு சும்மா இருக்காமல், என் பெயரிலேயே விண்ணப்பிக்கக்கூடிய சின்ன மானியம் ஏதாவது உண்டா? அப்புறம், முதுகலைக்கு வெளிநாடு போய்விட்டு வருவது நல்லதா?


தீவுப்படகு எழுதியது:

சின்ன மானியம் உண்டு, ஆனால் விதியை நன்றாகப் படி. ரஃபோர்ட் என்று எல்லாரும் சொல்வார்கள். நல்ல மானியம்தான், ஆனால் வளரும் நாடுகளில் செய்யும் வேலைக்கானது, சிங்கப்பூருக்குள் செய்வதற்குக் கிடைக்காது. இதைத் தெரியாமல் ஒரு மாதம் உழைத்து எழுதிய பெண்ணை எனக்குத் தெரியும். முகமது பின் சாயித் இனப் பாதுகாப்பு நிதியில் நாட்டுக் கட்டுப்பாடு அப்படி இல்லை, 25,000 அமெரிக்க டாலர் வரை தருகிறார்கள். ஆனால் அவர்களுக்கு ஓர் இனம் வேண்டும், வாழிடம் போதாது. எனலஸ் அழியும் ஆபத்தில் உள்ள இனம் அல்ல, அதனால் அதற்கு அங்கே இடமில்லை. ஹாலோபிலா பெக்காரி என்றால் வாதாடலாம். நகம் அளவு இலையோடு சேற்றில் வளர்கிற சின்னக் கடற்புல், உலகச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ள வகைகளில் இருக்கிறது. சிங்கப்பூரில் பதிவான 12 கடற்புல் இனங்களில் அதுவும் ஒன்று. நேஷனல் ஜியோகிராஃபிக் மானியத்தையும் பார், உன் வயதுக்காரர்கள் வாங்கியிருக்கிறார்கள்.

வெளிநாட்டு முதுகலை என்றால் ஐஎம்பிஆர்சீ என்று ஒரு படிப்பு இருக்கிறது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கிறது, பல நாடுகளின் கடல் ஆய்வு நிலையங்களுக்கு மாறி மாறிப் போகலாம், எராஸ்மஸ் முண்டுஸ் உபகாரச் சம்பளமும் உண்டு. நல்லது. ஆனால் உன் நிலைமையில் நான் அதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். அப்பா ஓய்வு பெறும் வருடம் நீ வீட்டில் இருப்பது அவருக்கு எவ்வளவு பெரிய தெம்பு என்று யோசி. தவிர, உன் புல் இங்கேதான் இருக்கிறது.

மார்ச்சுக்குப் பிறகு சும்மா இருக்காதே. டீம் சீகிராஸ் தொண்டூழியர்கள் 2007-இலிருந்து கடற்புல்லை அளந்து வருகிறார்கள். 50 மீட்டர் கயிறு, அரை மீட்டர்ச் சட்டம், ஒவ்வொரு சட்டத்திலும் புல் எத்தனை விழுக்காடு. சம்பளம் கிடையாது. ஆனால் இத்தனை வருடத் தரவு என்பது ஒரு முனைவர் பட்டத்துக்கே அடித்தளம். அதைச் சேகரிக்கும் கைகளில் ஒன்றாக இருந்துவிட்டு அதைப் பற்றிக் கேள்வி கேட்பது வேறு மாதிரி.


புக்கிட் பாத்தோக் அம்மா எழுதியது:

எனக்கு அறிவியல் தெரியாது, ஆனால் என் மகள் ஓர் அமைப்பின் உபகாரச் சம்பளத்தில் படித்தவள். பணம் வருகிறதே என்ற மகிழ்ச்சியில் நானும் என் வீட்டுக்காரரும் பிணையாளராகக் கையெழுத்துப் போட்டோம், ஒப்பந்தத்தை முழுவதும் படிக்கவில்லை. படித்து முடித்ததும் அவளைக் கடலோடு சம்பந்தமே இல்லாத பிரிவில் போட்டார்கள். வெளியே வரலாம் என்றால் வட்டியோடு திருப்பிக் கட்டச் சொன்னார்கள். அவள் காலத்தை முடித்துவிட்டுத்தான் வந்தாள், நன்றாக இருக்கிறாள், ஆனால் அந்த வருடங்களில் அவள் முகம் வாடிக் கிடந்தது எனக்கு மறக்கவில்லை.

மகளே, எந்தத் தாளிலும் மூன்று விஷயம் பார்: எத்தனை வருடம், எந்த வேலை என்று யார் முடிவு செய்வது, விலகினால் எவ்வளவு. அப்பாவிடம் பிணைக் கையெழுத்து கேட்பதற்கு முன் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படியுங்கள்.


செமக்காவ் அலை எழுதியது:

அம்மா, இதை அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடற்புல் என்றால் என்ன, படம் இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு வருடத்தில் அவர் இதைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

நேற்று இரவு ஒரு பேராசிரியரின் இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு ஏழு வரியில் ஒரு மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன். அக்கா, அனுப்புவதற்கு முன் கேள்வி சரியாக இருக்கிறதா என்று நீங்கள் ஒருமுறை பார்ப்பீர்களா? தனிச்செய்தியில் போட்டிருக்கிறேன். அடுத்த பௌர்ணமிக்குத் தொண்டூழியர்களோடு போகவும் பெயர் கொடுத்துவிட்டேன்.


தீவுப்படகு எழுதியது:

பார்த்தேன். மூன்றாவது வரியில் "பாதிப்பு" என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன பாதிப்பு, இலை நீளமா, அடர்த்தியா, பரப்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். மாற்றிவிட்டு இன்றைக்கே அனுப்பிவிடு. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் இருக்கிறதா? எந்த அளவு என்று சொல், எங்கள் அறையில் இரண்டு ஜோடி சும்மா கிடக்கிறது.