4கே டிவியை மானிட்டராக மாட்டினால் 30 ஹெர்ட்ஸ்தான் வருகிறது, 60 வர என்ன வழி?

செல்வி_லேஅவுட்

வணக்கம். வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். லேப்டாப்பின் 14 அங்குலத் திரையில் இரண்டு பக்கங்களை எதிரெதிரே விரித்தால் அடிக்குறிப்புகளைப் படிக்க முடிவதில்லை. அதனால் 43 அங்குல 4கே டிவி ஒன்று வாங்கி, எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருக்கிறேன். படம் அருமையாக இருக்கிறது, 3840 x 2160 முழுசாக வருகிறது.

ஆனால் மவுஸ் பாடாய்ப் படுத்துகிறது. கை நின்ற பிறகும் அம்புக்குறி நகர்ந்து வருகிறது. இரண்டு எழுத்துக்கு நடுவில் கர்சரை வைப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. பக்கத்தை உருட்டினால் வரிகள் தத்தித் தத்தி ஏறுகின்றன. விண்டோஸில் டிஸ்பிளே அமைப்பைத் திறந்து பார்த்தேன், 30 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 30 படம் என்று இருக்கிறது. பட்டியலிலும் அதற்கு மேல் எதுவும் இல்லை. 1080பிக்கு இறக்கினால் 60 வருகிறது, ஆனால் அப்புறம் இவ்வளவு பெரிய டிவி வாங்கியதற்கே அர்த்தமில்லை.

டிவிப் பெட்டியில் 60 ஹெர்ட்ஸ் என்றுதான் போட்டிருக்கிறது. கடைக்காரர் சொன்னபடி கேபிளை மாற்றியும் அதே கதை. லேப்டாப் ஐ5-8250யூ, 2018இல் வாங்கியது, தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. டிவியைத் திருப்பிக் கொடுக்க இன்னும் சில நாள்தான் அவகாசம். குறை டிவியிலா லேப்டாப்பிலா என்று தெரிந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

கம்பியும்திரையும்

அக்கா, டிவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். நீங்கள் கொடுத்த விவரத்திலேயே விடை இருக்கிறது.

ஐ5-8250யூவில் இருப்பது யுஎச்டி 620 கிராஃபிக்ஸ். அது நேரடியாகக் கொடுக்கும் எச்டிஎம்ஐ, 1.4 என்ற பழைய வகை. அதில் வினாடிக்கு அதிகபட்சம் 10.2 ஜிகாபிட் போகும். 4கே படத்தை 30 ஹெர்ட்ஸில் அனுப்ப 8.91 ஜிகாபிட் தேவை, அது போய்விடுகிறது. 60 ஹெர்ட்ஸ் என்றால் இரட்டிப்பு, 17.82. அந்த அளவைத் தாங்குவது 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0, அதன் வரம்பு 18. சில லேப்டாப்களில் தனியாக ஒரு சிப் வைத்து 2.0 ஆக மாற்றித் தருவார்கள். உங்களுடையதில் அது இல்லை என்று அந்தப் பட்டியலே சொல்கிறது. எந்தக் கேபிளும் இதைச் சரிசெய்யாது.

ஆனால் அதே யுஎச்டி 620, டிஸ்பிளேபோர்ட் என்ற வேறு வகைப் பட இணைப்பு வழியாக 4கே 60 கொடுக்கும். உங்கள் லேப்டாப்பில் டைப்-சி துளை இருக்கிறதா? அதன் பக்கத்தில் டிஸ்பிளேபோர்ட் சின்னமோ மின்னல் சின்னமோ இருந்தால் அதில் படம் வரும். சில லேப்டாப்களில் சின்னம் போடாமலும் இருக்கும், மாடல் கையேட்டைப் பாருங்கள். டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். பெட்டியில் வெறும் ‘4கே’ என்று மட்டும் போட்டிருந்தால் தொடாதீர்கள், ‘4கே 60 ஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்டிருக்க வேண்டும். யுஎஸ்பி, கார்டு ரீடர் எல்லாம் சேர்ந்து வரும் ஹப்பும் வேண்டாம். அவற்றில் பல, டைப்-சியின் பாதைகளில் பாதியை யுஎஸ்பிக்கு ஒதுக்கிவிடும், உங்கள் லேப்டாப்பில் மறுபடி 30தான் வரும்.

கணக்கர்_திருச்சி

நான் 4கே டிவியில் 30 ஹெர்ட்ஸிலேயே கணக்கு வேலை பார்க்கிறேன், பழகிவிட்டது. அடாப்டருக்குச் செலவு செய்யும் முன் டிவியில் கேம் மோடைப் போட்டுப் பாருங்கள் சகோதரி. படத்தை மெருகேற்றும் வேலையை டிவி நிறுத்திவிடும், மவுஸ் தாமதம் நன்றாகக் குறையும்.

கம்பியும்திரையும்

கேம் மோடு நல்ல யோசனை, எப்படியும் போட வேண்டியதுதான். ஆனால் 30 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் 33 மில்லிவினாடி இடைவெளி. டிவி எவ்வளவு வேகமாக இயங்கினாலும் அந்த இடைவெளி குறையாது. எக்செல் கட்டத்தில் கீபோர்டால் நகர்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. நாள் முழுக்க மவுஸால் பக்கம் அமைப்பவர் கண்ணுக்கு அது வேதனை. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

செல்வி_லேஅவுட்

இரண்டு பேருக்கும் நன்றி. கேம் மோடில் தாமதம் குறைந்தது, தத்தல் போகவில்லை. டைப்-சி பக்கத்தில் சின்னம் இருந்தது, அடாப்டர் வாங்கிவிட்டேன். 60 வந்துவிட்டது! மவுஸ் இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது.

ஆனால் புதிதாக ஒன்று. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து கூர்மையாக இருக்கிறது. பிழைதிருத்துபவர் சிவப்பில் போட்டு அனுப்பும் திருத்தங்கள், அதுவும் சாம்பல் பின்னணியில், கசங்கித் தெரிகின்றன. மெய்யெழுத்தின் மேல் உள்ள புள்ளி கரைந்துபோகிறது. ‘ன்’ எது ‘ன’ எது என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் வேலையில் இது பேராபத்து. 30இல் இருந்தபோது இப்படி இல்லை.

கம்பியும்திரையும்

அது 4:2:0 அக்கா. கோலத்தில் நாலு புள்ளிக்குச் சேர்த்து ஒரே பிடி நிறப்பொடி தூவினால் எப்படியோ அப்படி, நான்கு பிக்சலுக்கு ஒரு நிறம்தான் போகிறது. வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாகப் போவதால் கறுப்பு வெள்ளை பிழைக்கிறது, சிவப்பு மாட்டிக்கொள்கிறது. சினிமா பார்க்கும்போது தெரியவே தெரியாது. விண்டோஸில் அட்வான்ஸ்டு டிஸ்பிளே பக்கத்தில் நிற வடிவம் என்ன என்று பாருங்கள், ஒவ்வொரு பிக்சலுக்கும் முழு நிறம் அனுப்பும் ஆர்ஜிபி என்று இருக்காது.

காரணம் டிவியின் அமைப்பு. பல டிவிகள் பெட்டியிலிருந்து எடுக்கும்போது எச்டிஎம்ஐ துளையைப் பழைய கருவிகளுக்கு ஒத்துப்போகும்படி குறைந்த வேகத்தில் வைத்திருக்கும். அந்த வேகத்தில் 4கே 60 முழு நிறத்தோடு அடங்காது. அதை நாம்தான் திறந்துவிட வேண்டும். சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர்’, சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’ என்ற பெயரில் இருக்கும். சில டிவிகள் நேராக 1.4 வேண்டுமா 2.0 வேண்டுமா என்றே கேட்கும். ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டும், நீங்கள் மாட்டியிருக்கும் துளைக்கு மாற்றுங்கள். அதோடு அந்த இன்புட்டுக்கு ‘பிசி’ என்று பெயர் வையுங்கள். பல டிவிகளில் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் நிறத்தைக் குறைக்காமல் காட்டும்.

இதைச் செய்ததும் திரை அவ்வப்போது கறுத்து மீண்டால், அப்போதுதான் கேபிள் மேல் சந்தேகப்பட வேண்டும். ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ என்ற ஒட்டுத்தாள் உள்ளதாக வாங்குங்கள். நீளம் குறைவாக இருப்பது நல்லது.

செல்வி_லேஅவுட்

ஆர்ஜிபி வந்துவிட்டது, புள்ளி பளிச்சென்று நிற்கிறது. நீங்கள் சொன்ன மாதிரியே திரை கறுத்து மீண்டது. 5 மீட்டர் கேபிளை எடுத்துவிட்டு லேப்டாப்பை டிவிக்குப் பக்கத்தில் நகர்த்தி, சின்னக் கேபிள் போட்ட பிறகு அதுவும் நின்றது. டிவி என்னிடமே இருக்கப்போகிறது. கேட்டதற்கு மேலாகவே சொல்லிக்கொடுத்தீர்கள், மனமார்ந்த நன்றி.

புதுவை_நூலகம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் அதே பிராசஸர், ஆனால் டைப்-சி துளையில் படம் வராது என்று கையேடே சொல்லிவிட்டது. வேறு வழியே இல்லையா?

கம்பியும்திரையும்

மினி டிஸ்பிளேபோர்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் 2560 x 1440ஐ முயலுங்கள். அந்த அளவு 60 ஹெர்ட்ஸில் எச்டிஎம்ஐ 1.4க்குள் அடங்கிவிடும். டிவி ஏற்றுக்கொள்ள வேண்டும், அது மாடலைப் பொறுத்தது. ஏற்றுக்கொண்டால் 1080பியைவிட நிறையவே இடம் கிடைக்கும். லேப்டாப் திரையையும் டிவியையும் ‘டூப்ளிகேட்’டில் வைக்காமல் ‘எக்ஸ்டெண்ட்’டில் வைத்துவிட்டு முயலுங்கள். இல்லையென்றால் இரண்டுக்கும் பொதுவான அளவுகளை மட்டுமே விண்டோஸ் காட்டும்.