அண்டர்ஸ்டீர், ஓவர்ஸ்டீர்: முன்விலகல், பின்விலகல் என்று வைக்கலாம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, சாலையிலும் பந்தயத் தடத்திலும் ஓட்டும்படி மாற்றுவது பற்றிய கையேட்டுக்காகச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். துரு, அடிச்சட்டம், பிரேக் பற்றிய சொற்கள் அதிகத் தகராறு இல்லாமல் முடிந்துவிட்டன. டிஃபரென்ஷியல், கார்புரேட்டர், டேம்பர் மூன்றையும் அப்படியே எழுதுவது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். மீதி நிற்பவை அண்டர்ஸ்டீர் (வளைவில் வண்டியின் முன்பக்கம் வெளியே தள்ளுவது), ஓவர்ஸ்டீர் (பின்பக்கம் வெளியே போவது) என்ற இரண்டுதான். கையேட்டின் பாதி இந்த இரண்டைச் சுற்றியே போவதால் இதில் அவசரப்பட வேண்டாம் என்பது என் எண்ணம். இந்த இழையில் நீங்கள் எழுதிய கருத்துகளை மேற்கோளாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் சொல்கிறேன்.

> குறைதிருப்பம், மிகைதிருப்பம் என்றே வைத்துவிடலாம். மூலச் சொல்லோடு நேராகப் பொருந்துகிறது.

பொருந்துகிறது, சரி. ஆனால் படிப்பவருக்கு என்ன புரியும்? "வளைவில் வண்டிக்குக் குறைதிருப்பம் ஏற்பட்டது" என்று எழுதினால், ஓட்டியவர் ஸ்டீயரிங்கைப் போதிய அளவு திருப்பவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். நடப்பதோ நேர்மாறு. அண்டர்ஸ்டீரில் ஓட்டுநர் மேலும் மேலும் திருப்பிக்கொண்டே இருப்பார். வண்டிதான் கேட்காமல் வளைவின் வெளிப்பக்கம் போய்க்கொண்டிருக்கும். அதேபோல மிகைதிருப்பம் என்றால் ஓட்டுநர் அளவுக்கு மேல் திருப்பிவிட்டார் என்று குற்றம் அவர் தலையில் விழுகிறது. உண்மையில் பின்பக்கம் வெளியே போகத் தொடங்கியிருக்கும். அவர் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துக்கொண்டிருப்பார். வண்டியின் குணத்தைச் சொல்ல வேண்டிய சொல் ஓட்டுநரின் கையைச் சொல்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அந்தச் சோடியை ஏற்கவில்லை.

ஆங்கிலத்திலும் இந்த இடறல் இருக்கிறது. 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஓலி போன்ற பொறியாளர்கள் வண்டிகளின் திரும்பும் குணத்தை ஆராய்ந்த காலத்தில் அண்டர்ஸ்டீர், ஓவர்ஸ்டீர் என்ற சோடி வழக்குக்கு வந்தது. அவர்களுக்குள் அதன் பொருள் தெளிவாக இருந்தது. அமெரிக்க நாஸ்கார் பந்தயக்காரர்கள் இன்றும் அதை அவ்வளவாகப் புழங்குவதில்லை. முன்பக்கம் தள்ளினால் டைட் அல்லது புஷ் என்பார்கள், பின்பக்கம் பிடி விட்டால் லூஸ் என்பார்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் உணர்வது எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான். நம் சொல்லும் அங்கிருந்தே பிறக்கட்டும்.

அடிப்படையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் சொல் அதிலிருந்து தானே வருகிறது. வளைவில் போகும் டயர், தான் பார்க்கும் திசையில் அப்படியே போவதில்லை. ரப்பர் தரையோடு ஒட்டி முறுக்கிக்கொள்வதால், சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் நடுவே ஒரு சிறு கோணம் விழுகிறது. ஸ்லிப் ஆங்கிள் என்பது இதுதான். டயர் வழுக்குகிறது என்று பொருள் அல்ல. நன்றாகப் பிடித்துக்கொண்டு ஓடும் டயருக்கும் இந்தக் கோணம் உண்டு. அது இல்லாமல் பக்கவாட்டு விசையே கிடைக்காது. இதற்கு நான் முன்வைக்கும் சொல் விலகு கோணம்.

இனி வரையறை எளிது. முன்சக்கரங்களின் விலகு கோணம் பின்சக்கரங்களுடையதைவிடப் பெரியதானால் முன்விலகல். பின்சக்கரங்களுடையது பெரியதானால் பின்விலகல். இரண்டும் ஒன்றானால் சமவிலகல். மூன்றும் ஒரே வேரிலிருந்து வருகின்றன, எந்தப் பக்கம் முதலில் விடும் என்பதையும் சொல்லிவிடுகின்றன. வினையாகவும் நிற்கும்: "வண்டி முன்விலகுகிறது", "காலை எடுத்ததும் பின்விலகியது". ஒரு கலைச்சொல் வினையாக மறுத்தால் பேச்சில் நிற்காது என்பது என் அனுபவம்.

வாங்கும்போது சோதிப்பதற்கும் இந்த வரையறையே போதும். ஆளற்ற, மூடிய, அகலமான தளத்தில் 30 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, அதன் கோட்டை விடாமல் மெதுவாகச் சுற்ற வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.3 மீட்டர் இருக்கும் வண்டிக்கு, நடந்துபோகும் வேகத்தில் முன்சக்கரங்கள் சுமார் 4.4 பாகை திரும்பியிருந்தால் போதும். வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் பக்கவாட்டு முடுக்கம் ஏறக்குறைய 0.4 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.4 பங்கு, ஆகிவிடும். அதே கோட்டில் நிற்க ஸ்டீயரிங்கை இன்னும் திருப்ப வேண்டியிருந்தால் அது முன்விலகும் வண்டி. மாறாகத் திருப்பியதைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தால் பின்விலகும் வண்டி. கையை அசைக்கவே வேண்டாம் என்றால் சமவிலகல். வலச்சுற்று ஒரு மாதிரியும் இடச்சுற்று வேறு மாதிரியும் இருந்தால், விற்பவரிடம் விலை பேசுவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்து சஸ்பென்ஷன் மூட்டின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம். சஸ்பென்ஷன் கை பொருந்தும் இடம் துருவில் தளர்ந்திருக்கலாம். பழைய விபத்தில் சட்டம் கோணியிருக்கலாம். மினுமினுக்கும் பெயின்ட் இதில் எதையும் காட்டாது.

> முன்நழுவல், பின்நழுவல் என்றால் இன்னும் கண்ணில் படும்படி இருக்குமே?

நல்ல சொற்கள்தாம், எனக்கும் முதலில் பிடித்திருந்தது. இரண்டு தடைகள். ஒன்று, நழுவல் என்றவுடன் பிடி முழுக்க விட்டுப்போனது போலத் தோன்றும். ஆனால் முன்விலகல் என்பது வண்டி நன்றாகப் பிடித்து ஓடும்போதே, சாதாரணச் சாலை வேகத்திலேயே இருக்கும் ஒரு குணம். எல்லை தாண்டும்போது மட்டும் வருவது அல்ல. இரண்டு, புணர்ச்சி. பொன் நகை பொன்னகை ஆவதுபோல இது முன்னழுவல், பின்னழுவல் ஆகிவிடும். அதைப் படிப்பவர் அழுவல் என்று பிரிக்காமல் இருக்க மாட்டார். இக்கால அறிவியல் எழுத்தில் புணர்ச்சியைப் பிரித்து எழுதலாம் என்பது உண்மை. ஆனாலும் பிரித்தே எழுத வேண்டும் என்று காவல் இருக்க வேண்டிய சொல்லை எதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

> பின்விலகல் என்றால் பின்வாங்குவது போல இருக்கிறது. முன் என்பது காலமா இடமா என்ற குழப்பமும் வருகிறது.

இது சரியான கேள்வி. தனிச் சொல்லாகப் பார்த்தால் அந்த ஐயம் வரத்தான் செய்யும். கையேட்டில் முதல்முறை வரும் இடத்தில் முன்சக்கர விலகல், பின்சக்கர விலகல் என்று விரித்து எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து சுருக்கலாம். முன்கதவு, முன்பல், முன்சக்கரம் என்று இடத்தைக் குறிக்கும் முன் நமக்குப் பழக்கமானதுதான். புள்ளியியலில் திட்ட விலகல் இருப்பதையும் ஒருவர் சுட்டிக்காட்டியிருந்தார். டயர் பற்றிய பத்தியில் நிற்பவருக்கு அது குறுக்கே வராது.

> ஓட்டுபவர்கள் யாரும் இதைச் சொல்லப்போவதில்லை. அண்டர்ஸ்டீர் என்றே இருக்கட்டும்.

ஏற்கெனவே டிராக்கில் ஓட்டுபவர்கள் அண்டர்ஸ்டீர் என்றே சொல்லட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. கையேடு அவர்களுக்காக மட்டும் எழுதப்படவில்லை. முதல்முறையாக ஒரு பழைய வண்டியை வாங்கி, முன்னால் ஸ்பிரிங்கை இறுக்கவா பின்னால் இறுக்கவா என்று குழம்பி நிற்பவருக்குச் சொல்லே பாதி விடையைக் கொடுக்க வேண்டும். அங்கே அண்டர்ஸ்டீர் எதையும் கொடுப்பதில்லை; முன்விலகல் கொடுக்கிறது.

எப்படி என்று ஒரே ஒரு பாகத்தை வைத்துக் காட்டுகிறேன். ஆன்டி ரோல் பாருக்குச் சாய்வுத்தடுப்புத் தண்டு என்று முடிவு செய்தோம். ஒரே அச்சில் உள்ள இடச்சக்கரத்தையும் வலச்சக்கரத்தையும் இணைக்கும் இரும்புத் தண்டு அது. வளைவில் உடல் சாயும்போது முறுக்கிக்கொண்டு சாய்வைக் குறைக்கும். எந்த அச்சில் தண்டைத் தடிப்பாக்குகிறோமோ அந்த அச்சின் வெளிச்சக்கரத்தின் மேல் கூடுதல் பாரம் மாறுகிறது. பாரம் இரட்டித்தால் டயரின் பிடி இரட்டிப்பதில்லை, அதைவிடக் குறைவாகவே ஏறும். அதனால் அந்த அச்சின் மொத்தப் பிடி குறைந்து, விலகு கோணம் பெருகும். ஆக, முன்தண்டைத் தடிப்பாக்கினால் முன்விலகல் கூடும், பின்தண்டைத் தடிப்பாக்கினால் பின்விலகல் கூடும். சொல்லும் பாகமும் ஒரே பக்கத்தைக் காட்டுகின்றன. இதையே குறைதிருப்பம், மிகைதிருப்பம் என்று எழுதிப் பாருங்கள். வாசகர் ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும்.

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்க நினைப்பவருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1974இன் பிற்பகுதியில் அமெரிக்க விதிகளுக்காக அந்த வண்டிக்கு ரப்பர் பம்பர் வந்தது, உடலின் உயரமும் கூடியது. அதே சமயம் திறந்த மாடலில் முன்னாலிருந்த சாய்வுத்தடுப்புத் தண்டையும் எடுத்துவிட்டார்கள். வண்டி அதிகம் சாய்ந்தது, பின்பக்கமும் நம்ப முடியாததாக ஆனது. 1977 மாடலுக்கு முன்தண்டைத் திரும்பக் கொடுத்து, பின்னாலும் ஒன்று சேர்த்தார்கள். இடைப்பட்ட ஆண்டு வண்டி கையில் கிடைத்தால், எஞ்சினில் கைவைக்கும் முன் அதன் முன்விலகலைத் திருப்பிக் கொடுப்பதுதான் முதல் வேலை. சொன்னேன் பாருங்கள், சொல் தானாக வாக்கியத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

டயர் காற்றழுத்தம் மட்டும் இந்தக் குணத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஷெவ்ரோலே கோர்வேர் நல்ல எடுத்துக்காட்டு. எஞ்சின் பின்னால் இருக்கும் வண்டி. 1960இல் வந்தபோது, டயர் குளிர்ந்திருக்கையில் முன்னால் 15, பின்னால் 26 பிஎஸ்ஐ காற்று அடிக்கச் சொன்னது நிறுவனம். முன்டயரை வேண்டுமென்றே மெத்தென்று வைத்து, அதன் விலகு கோணத்தைப் பெருக்கி, பின்விலகலை அடக்கும் ஏற்பாடு. நான்கு டயருக்கும் ஒரே அளவு அடித்தவர்கள் அந்த ஏற்பாட்டை அறியாமலே கலைத்தார்கள். கையேட்டில் "காற்றழுத்தம்" அத்தியாயத்தில் இதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போர்ஷே 911 பற்றி எழுதாமல் பின்விலகல் பற்றி எழுத முடியாது. 1964இல் உற்பத்திக்கு வந்த அந்த வண்டியில் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பாரம் முன்னால் சாயும், பின்டயர்கள் லேசாகும். அந்த நொடியில் பின்னாலிருக்கும் எஞ்சின் வண்டியின் வாலை வெளியே இழுத்துவிடும். இந்த வகைக்குக் காலெடுப்புப் பின்விலகல் என்று சொல்லலாம். எஞ்சின் விசை அதிகமாகிப் பின்சக்கரம் விடுவதற்கு விசைப் பின்விலகல். 1969 மாடலில் பின்சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளி, அச்சிடைத் தூரத்தை 2211இலிருந்து 2268 மில்லிமீட்டராக நீட்டினார்கள். தொடக்க கால வண்டிகள் சிலவற்றில் முன்பம்பருக்குள் இரும்புக் கட்டிகளே வைக்கப்பட்டிருந்தன. எடை குறைக்கும் ஆசையில் யாராவது அதைக் கழற்றியிருந்தால், வாங்குபவர் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சாலைக்கும் தடத்துக்கும் ஒரே அமைப்பு சரிப்படுமா என்ற கேள்விக்கும் இதே சொற்களில் பதில் எழுதிவிடலாம். பயந்தவர் செய்வது இரண்டு காரியம்: காலை எடுப்பார், இன்னும் திருப்புவார். முன்விலகும் வண்டியில் இரண்டும் பெரும்பாலும் உதவும். பின்விலகும் வண்டியில் இரண்டும் கேடு. அதனால் மழையும் எதிர்வண்டியும் உள்ள சாலைக்குக் கொஞ்சம் முன்விலகல் வைத்திருப்பதே பாதுகாப்பு. தடத்தில் சமவிலகலை நோக்கி நகரலாம்: முன்சக்கரங்களை மேற்பக்கம் சற்று உள்ளே சாய்த்து, பின்தண்டை ஒரு படி இறுக்கி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து. துளை மாற்றிப் பூட்டும் வகைத் தண்டு போட்டால், தடத்திலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் பழைய துளைக்கே திருப்பிவிடலாம்.

பிரேக் பகுதியில் ஒரு திருத்தம், இழைக்குச் சம்பந்தமில்லை என்றாலும். "டாட் 4 திரவம் 230 பாகையில் கொதிக்கும்" என்று வரைவில் உள்ளது. புதுத் திரவத்துக்கு அதுதான் குறைந்தபட்ச அளவு. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 பாகை செல்சியஸ். தடத்தில் ஓட்டப்போகிறவருக்கு இரண்டாவது எண்தான் தேவை.

ஸ்லிப் ஆங்கிளுக்கு விலகு கோணம் என்பதை மறுப்பவர்கள் இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். அது விழுந்தால் மற்ற மூன்றும் சேர்ந்து விழும். டிரிஃப்ட்டுக்குப் பின்விலகலை நீட்டி வைத்திருப்பது என்ற பொருளில் ஒரு சொல் வேண்டும். அதற்கு என்னிடம் இன்னும் திருப்தியான பரிந்துரை இல்லை, தனி இழையாகத் தொடங்கலாம். வரும் ஞாயிறுக்குள் எதிர்ப்பு வராவிட்டால் மூன்றாம் அத்தியாயத்தில் இந்தச் சொற்களைப் போட்டுத் திருத்திய படியை அனுப்புகிறேன்.

அன்புடன்