மூன்றடி அகல மாகாணத்தில் நடந்தவர்கள் உண்டா? ஈதே மலை அனுபவங்கள்

ஜப்பானில் எல்லை மலை என்று பேச்சு வந்தாலே எனக்கு ஈதே மலைதான். ஃபுகுஷிமா, யமகாட்டா, நீகாட்டா மூன்றும் முட்டிக்கொள்ளும் இடம். ஃபுகுஷிமா பக்கம் கவாயிரியிலிருந்து ஏறினேன். நாகசாகா ஏற்றத்திலேயே பாதி உயிர் போய்விட்டது, அப்புறம் கெங்காமினே பாறை முகட்டில் கையையும் ஊன்றித்தான் போக முடியும். அதைத் தாண்டி மிகுனி சிகரம், 1644 மீட்டர். வேடிக்கையே அங்கேதான் ஆரம்பம். வரைபடத்தில் பாருங்கள், அங்கிருந்து ஃபுகுஷிமா ஒரு வால் போல வடமேற்கே நீண்டு போகும், பல இடங்களில் அகலம் வெறும் 91 சென்டிமீட்டர்தான். நடக்கிற பாதை மட்டும் ஃபுகுஷிமா, இடது பக்கம் நீகாட்டா, வலது பக்கம் யமகாட்டா. எதிரே ஆள் வந்து நான் ஒதுங்கி வழி விட்டபோதெல்லாம் வேறு மாகாணத்தில்தான் நின்றிருக்கிறேன்!

எல்லாம் மேலே இருக்கும் கோயிலால் வந்தது. 1886இல் கிழக்கு கம்பாரா வட்டாரத்தை ஃபுகுஷிமாவிலிருந்து பிரித்து நீகாட்டாவோடு சேர்த்தார்கள். மலை யாருக்கு என்று தகராறு. அடிவாரத்து ஃபுகுஷிமா கிராமம் கோயிலை விட்டுக்கொடுக்கவே இல்லை, கடைசியில் 1907இல் கோயிலும் அதற்குப் போகும் முகட்டுப் பாதையும் ஃபுகுஷிமாவுக்கு என்று தீர்ப்பானது.

பதில்:
உபாகோங்கெனை விட்டுவிட்டீர்களே! உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாதையோரம் துணி போர்த்திய சின்னக் கற்சிலை. பெண்கள் ஏறக் கூடாது என்றிருந்த காலத்தில் மீறி ஏறியவள் கல்லாகிவிட்டாள் என்று கதை. அந்தக் கால ஊர்ப் பையன்களுக்கோ பதின்மூன்று, பதினான்கு வயதில் இதே மலையை ஏறிவந்தால்தான் பெரிய மனுஷன் என்ற பெயர். நான் பெண், எனக்கு எரிச்சல்தான் வந்தது. சிலைக்கு அடுத்து வரும் பாறைப் பகுதியில் காற்று தள்ளியதில் அந்த எரிச்சலும் மறந்துபோனது, அது வேறு விஷயம்.

பதில்:
உயரம் பார்த்துப் போகிறவர்களுக்கு: கோயில் பக்கத்து உச்சி 2105 மீட்டர்தான். மேற்கே தைநிச்சி 2128, அது முழுக்க நீகாட்டாவுக்குள். பலர் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள், பாவம். எந்த மாகாணத்தில் நிற்கிறோம் என்று போனைக் கேட்காதீர்கள், ஜிபிஎஸ் பிசகுகிற தூரமே அங்கே ஃபுகுஷிமாவை விட அகலம். குளிர்காலத்தில் ஜப்பான் கடலைத் தாண்டி வரும் காற்று பனியை முகட்டுக்கு மேலே தூக்கிக் கிழக்குச் சரிவில் கொட்டிவிடும், நான் போன ஜூலையிலும் அது கெட்டியாகக் கிடந்தது. காலணியில் மாட்டும் இரும்பு முள் இல்லாமல் போக வேண்டாம்.