மூன்றாவது அட்மிஷன் வரை யார் கண்ணிலும் படாதவர்கள்

மெடிக்கல் வார்டு ஸ்டாஃப்:
சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), 68 வயது, ஐந்து மாதத்தில் மூன்றாவது அட்மிஷன். மூன்று தடவையும் வேறு வேறு யூனிட். மூன்று டிஸ்சார்ஜ் சம்மரியிலும் 'மூச்சிரைப்பு குறைந்தது'. மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. நிற்க முடியாதவர் என்பதால் எடைக் கட்டம் காலி. உடம்பு துடைக்கும்போது தெரிந்தது: அரைஞாண் கயிற்றில் சுருக்கிச் சுருக்கிப் போட்ட மூன்று முடிச்சு. கடைசி முடிச்சு பொங்கலுக்கு அப்புறம் போட்டது என்றார் அவர் மனைவி.

பிஜி (மேற்படிப்பு டாக்டர்), ஜெனரல் மெடிசின்:
இதற்குத்தானே அந்த ஒற்றைக் கேள்வி? 'இவர் ஒரு வருடத்துக்குள் இறந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்குமா?' 'இருக்காது' என்றால் உடனே பேலியேட்டிவ் டீமுக்கு (வலி, அவதியைக் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் குழு) ரெஃபர். ரவுண்ட்ஸில் பத்து நொடி போதும்.

பேலியேட்டிவ் ஓபி:
இதில் எனக்கு உடன்பாடில்லை டாக்டர். அந்தக் கேள்வி ஆயுளைக் கேட்கிறது, அவதியைக் கேட்கவில்லை. கேன்சரில் ஓரளவு பொருந்தும். இதயம், நுரையீரல், டிமென்ஷியாவில் நிறையப் பிசகும். 36 வயதுப் பெண், கருப்பைவாய்ப் புற்று, குணமாக்கும் நோக்கில் ரேடியேஷன். ரவுண்ட்ஸில் 'வலி எப்படிம்மா?' 'பரவால்ல சார்.' ராத்திரி இரண்டு மணிக்கு வெந்நீர் பாட்டிலை அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு வராந்தாவில் நடக்கிறார். உங்கள் கேள்வியில் அவர் சிக்கவே மாட்டார்.

'வலி இருக்கா' என்று கேட்காதீர்கள். 'நேத்து ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீங்க, எது எழுப்பிச்சு?' என்று கேளுங்கள். அட்டெண்டரிடம் 'பாத்ரூமுக்கு யார் கூட்டிட்டுப் போறீங்க? போன மாசம் தானா போனாரா?' இவற்றையும் பாருங்கள்: பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுக்கை அல்லது நாற்காலி. திட்டமிடாத அட்மிஷன்கள் திரும்பத் திரும்ப. ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை போயிருப்பது (60 கிலோ 54 ஆவது). முழு மருந்து கொடுத்தும் அடங்காத வலி, மூச்சிரைப்பு. 'இனிமே கஷ்டப்படுத்தாம பாத்துக்குங்க' என்று குடும்பமே சொல்வது. பேலியேட்டிவ் கவனிப்பு யாருக்குத் தேவை என்று கண்டறிய எடின்பரோவில் உருவான ஸ்பிக்ட் (SPICT) பட்டியலும் பெரும்பாலும் இவற்றைத்தான் பார்க்கச் சொல்கிறது. இரண்டு பொருந்தினாலே பேலியேட்டிவ் பற்றிப் பேச ஆரம்பியுங்கள். ரேடியேஷனோ ஆன்டிபயாடிக்கோ அதற்காக நிற்க வேண்டியதில்லை.

நெஃப்ராலஜி (கிட்னி பிரிவு) ஸ்டாஃப்:
கண்டுபிடித்து அனுப்பிய பிறகும் தப்பு நடக்கிறது. டயாலிசிஸ் வேண்டாம் என்று முடிவெடுத்த பாட்டி. வலிக்கு மார்ஃபின் 10 மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம். மறுநாள் டம்ளர் பிடித்த கை வெட்டி இழுத்து, காபி முழுக்கப் புடவையில். மார்ஃபின் உடைந்து உண்டாகும் பொருள்கள் கிட்னி வழியாகத்தான் வெளியேறும். கிட்னி ஓய்ந்தவருக்கு உள்ளேயே சேர்ந்துவிடும். ரெஃபரல் சீட்டில் கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) எழுதவே இல்லை. தயவுசெய்து அதை எழுதுங்கள்.

மெடிக்கல் வார்டு ஸ்டாஃப்:
எடை பார்க்க முடியாதவருக்கு இன்ச் டேப் போதும். தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவே, டிரிப் ஏறாத கையில், சுற்றளவு எடுத்து எந்தக் கை என்றும் குறித்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரியில், 'ஐந்து மாதத்தில் 3வது அட்மிஷன்' என்பதற்குப் பக்கத்திலேயே அது இருக்கட்டும். அடுத்த யூனிட் அந்த வரியையாவது படிக்கும்.